நாளைக்கு என்ன நிறம்

கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரமான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு காலையில் பனிமாதாபட்டிக்காரர்கள் கதவைத் திறந்து தெருவுக்கு வந்தபோது, அவரவர் வீட்டு முன்சுவர் ஊதா நிறமாக மாறியிருந்தது. முந்தின நாள் வரைக்கும் மஞ்சளும் பச்சையும் நீலமுமாக, ஆளுக்கொரு ரசனையில், வீட்டில் கல்யாணம் வரும்போதெல்லாம் டிஸ்டெம்பர் அடித்து வைத்திருந்த சுவர்கள். சிறுமலை அடிவாரத்தில் மல்லியும் சம்பங்கியும் போட்டுப் பிழைக்கிற அந்த ஊரில் கட்சிக்காரர்கள் போட்டி போட்டுச் சின்னம் எழுதி வைத்திருந்த சுவர்கள். மழைத்தண்ணீர் ஒழுகிப் பாசி பிடித்துக் கிடந்த சுவர்கள். எல்லாம் ஒரே ஊதா. கோயிலில் பங்குச் சாமியார் அன்றைய பூசைக்குப் போட்டுக்கொண்டு வந்த உடுப்பின் ஊதா, நூல் பிசகாமல் அதே ஊதா. ஜனம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தது, விரலால் தொட்டுப் பார்த்தது, விரலில் ஒட்டவில்லை என்று தெரிந்ததும், இரண்டாம் மணி அடித்துவிட்டதே என்று பூசைக்குப் போய்விட்டது.

மாறாத வீடு ஒன்றே ஒன்றுதான். அது மதலைமேரியின் வீடு.

மதலைமேரி யார் என்று அந்த ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். முப்பது வீட்டுக்கு ஓர் அன்பியம் என்று பங்கைப் பிரித்து, மாதம் ஒரு வீட்டில் கூடி, பைபிள் வாசித்து, செபம் சொல்லி, சுண்டல் தின்று கலைவார்களே, அதில் சூசையப்பர் அன்பியத்துக்கு அவள்தான் பொறுப்பாளர். கூட்டத்துக்கு வராத வீட்டுக்கு மறுநாளே போய் வாசலில் நின்று காரணம் கேட்பவள். மைக் இல்லாமலே செபமாலை சொல்லி அடுத்த தெருவைப் பதில் சொல்ல வைப்பவள். திருவருகைக் கால மெழுகுவர்த்தி வளையத்துக்கு மூன்று ஊதா, ஒரு ரோஸ் வாங்கி வரச் சொன்னால், கடையில் ரோஸ் இல்லை என்றதும் நாலும் ஊதாவாகவே வாங்கி வந்து, "எரிஞ்சா எல்லாம் வெளிச்சந்தானே" என்று சாமியார் வாயையே அடைத்தவள். ஊரில் ஒரு புதுமை நடந்தால் அது தன் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று அவள் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது, ஊரும் அப்படித்தான் நினைத்திருந்தது.

அவள் வீட்டுக்கும் அவள் ஓரகத்தி பிலோமினாள் வீட்டுக்கும் நடுவில் சந்து கிடையாது, ஒட்டுவீடு. பிலோமியின் சுவரில் வந்த ஊதா, எல்லை வரைக்கும் வந்து, பிளேடு வைத்து வெட்டியது போல நின்றுவிட்டது. அந்தப் பக்கம் ஊதா, இந்தப் பக்கம் மதலைமேரியின் மகள் கிளாராவின் பூப்புச் சடங்குக்கு அடித்த சந்தனக் கலர். குடித்துவிட்டு வேளாங்கண்ணி பஸ்ஸிலேயே பாட்டுப் பாடுகிற அடைக்கலத்தின் வீடு மாறியிருந்தது. ஈஸ்டருக்கு மட்டும் தலை காட்டுகிற வாத்தியார் வீடு மாறியிருந்தது. பூசை உடுப்புத் தைத்துக் கொடுக்கிற தையல்காரர் கருப்பையா, மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர், அவர் வீட்டிலும் தையல் மிஷின் இருந்த பக்கத்துச் சுவர் மட்டும் பதமாக ஊதாவாகியிருந்தது. அவர் அதற்கு ஒரு கற்பூரம் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

"ஏண்டி மதலை, ஒன் வீட்டுக்கு இன்னும் நேரம் இருக்குபோல" என்றாள் பிலோமி, காபித் தம்ளரோடு வாசலில் நின்று.

"வரும்க்கா, வரும். பெரிய வீடுல்ல, நேரமாகும்" என்றாள் மதலைமேரி. சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், அவள் மூஞ்சியில் ஈயாடவில்லை.

ஊர் அந்த ஊதாவை எப்படி எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் அதைப் பற்றியே பேச்சு, இரண்டாவது வாரம் அதை வைத்து நடக்கத் தொடங்கிவிட்டார்கள். பஸ் கண்டக்டர் ஊர்ப் பேரை விட்டுவிட்டு "ஊதா ஸ்டாப்பெல்லாம் எறங்கு" என்று விசிலடித்தார். கட்சிக்காரர்கள் வந்து தங்கள் சின்னத்தை யார் அழித்தது என்று சத்தம் போட்டு, மறுபடி எழுதி, எழுதினது கண் முன்னாலேயே ஊதாவில் மூழ்கினதைப் பார்த்துவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒரே ஜீப்பில் திரும்பிப் போனார்கள். கிராம அலுவலர் வந்து இரண்டு வீட்டைப் படம் எடுத்து, மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல், டீ குடித்துவிட்டுப் போனார். ஆயர் இல்லத்திலிருந்து மூன்று சாமியார்கள் காரில் வந்து சாவியால் சுரண்டிப் பார்த்தார்கள், அடியிலும் ஊதாவாகவே இருந்தது, அவசரப்பட்டு எதுவும் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆளுக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஏன் மாறுகிறது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. யார் வீடு மாறவில்லை என்பதுதான் எல்லோர் வாயிலும் மெல்லுகிற வெற்றிலையாக இருந்தது.

காரணம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் மதலைமேரி ஒருத்திதான். குடும்பமாக உட்கார்ந்து செபம் சொல்கிற வீடுதான் மாறுகிறது என்று முதல் நாளே பூசை முடிந்து வரும்போது, தன் வீடு கண்ணில் படாத தூரத்தில் நின்று, நாலு பேரிடம் சொல்லித் தொலைத்திருந்தாள். அந்தச் சொல்லே இப்போது அவள் கழுத்துக்கு வந்தது. அவள் புருஷன் சூசைமாணிக்கம் மினி லாரி ஓட்டுகிறவன், விடியும் முன்னே ஊர்ப் பூவை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிறவன். நல்லவன், வாய் அதிகம் கிடையாது, ஆனால் பூசைக்கு வந்தால் கோயிலுக்குள் நுழையமாட்டான். வெளியே வேப்பமரத்தடியில் பைக்கில் சாய்ந்து நிற்கிற ஆம்பிளைகள் கூட்டத்தில் ஒருவனாக நின்று, சாமியார் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்ற மணி அடித்தால் மட்டும் தலையைக் குனிந்து, அதை ஜனத்துக்குக் கொடுக்கிற நற்கருணைக்கு முன்னால் வண்டியை உதைத்துக் கிளம்பிவிடுவான். உங்களாலதான், உங்களாலதான் என்று அவள் இரண்டு வாரம் அவனைக் கரித்துக்கொட்டினாள். அவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான்.

மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்தின நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. அன்பியக் கூட்டம் அந்த ஞாயிறு அவள் வீட்டில். சந்தனக் கலர் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து எந்த முகத்தோடு மன்றாட்டுச் சொல்வது? ஊர் முழுக்கத் தோட்டத்தில் இருக்கிற நேரம் பார்த்து, பக்கத்து ஊரிலிருந்து பெயின்டர் ஜெகதீசனை வரச் சொல்லி, சாமியார் உடுப்பிலிருந்து உதிர்ந்த ஒரு நூலை மாதிரிக்குக் கொடுத்து, அச்சு அசலாக ஊதா அடிக்க வைத்துவிட்டாள். எல்லைக் கோடே தெரியவில்லை. சாயங்காலம் வந்தவர்கள் பார்த்தார்கள், வந்துருச்சா, வந்துருச்சா என்று கேட்டார்கள். அவள் பொய் சொல்லவில்லை, சிரித்தாள், அவ்வளவுதான்.

ஞாயிறு காலை ஊதாச் சேலை கட்டிக்கொண்டு, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது ஊர் முழுக்க ரோஸாக இருந்தது.

திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு, அன்றைக்கு ஒருநாள் மட்டும் ஊதாவை வைத்துவிட்டு ரோஸ் உடுத்துவது திருச்சபை வழக்கம் என்பது பங்குச் சாமியாருக்கே செமினரியோடு மறந்து போயிருந்தது. அவரும் ஊதாவில்தான் பீடமேறினார். மெழுகுவர்த்தி வளையத்தில் ஏன் ஒன்று ரோஸாக இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. பிரசங்கத்தில் அவர், "சுவருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சு, மன்னிக்கணும்" என்று சொன்னபோது ஜனம் சிரித்தது. மறுவாரமே கருப்பையா கல்யாணப் பட்டுக்கு வந்த ரவிக்கைத் துணியில் ஒரு ரோஸ் உடுப்புத் தைத்துக் கொடுத்துவிட்டார். ஆனால் சாமியாருக்குக் கிடைத்த மன்னிப்பு மதலைமேரிக்குக் கிடைக்கவில்லை. ரோஸ் தெருவில் ஊதாவாக நின்ற அவள் வீட்டைப் பார்க்கவென்றே மேலத்தெருவிலிருந்து ஆட்கள் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

"போன வாரத்துலயே நின்னுருச்சே ஒன் வீடு" என்றாள் பிலோமி. "சாவி குடுத்துப் பாரேன்."

மதலைமேரி வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான் வாயடைத்து நின்றாள். மூக்கு உடைபட்ட மாதிரி இருந்தது. அன்பியக் கூட்டத்துக்கு அன்று நாலு பேர்தான் வந்தார்கள், வந்த நாலு பேரும் சுவரைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். எல்லோரும் போனபின் சூசைமாணிக்கம் மெதுவாகச் சொன்னான்.

"தண்ணி ஊத்திக் கழுவிவிட்டுரட்டுமா? சுண்ணாம்புதானே, போயிரும்."

"எதுக்குக் கழுவணும்?" என்றாள் அவள். அழுதுகொண்டிருந்தவள் மூக்கைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். "நாளைக்குத் திங்கக்கிழமை. ஊரு திரும்ப ஊதாவுக்கு வந்துதான ஆகணும். வந்து என் வீட்டோட சேந்துக்கிடட்டும். மாறலேன்னா போகுது. நான் மாத்துறேன். வருசம் பூராவும் மாத்துறேன்."

திங்கட்கிழமை ஊர் ஊதாவுக்குத் திரும்பியது. அவள் வீடு ஏற்கெனவே அங்கே காத்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து மதலைமேரி கோயிலின் பின்னறையில் ஆணியில் தொங்குகிற, அன்றன்றைய உடுப்பு நிறம் போட்ட வழிபாட்டு நாள்காட்டியை தினமும் போய்ப் பார்த்துவிட்டு வரத் தொடங்கினாள். ஏனென்றால் மற்ற வீட்டுச் சுவர்கள் விடியும்போது தானாக மாறும்; அவள் வீட்டுச் சுவர் விடியும்போது மாறியிருக்க வேண்டுமென்றால் முந்தின நாளே அடித்தாக வேண்டும். கிறிஸ்து பிறப்புக்கு வெள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். மறுநாள் சிவப்பு என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஜெகதீசன் கிறிஸ்மஸ் அன்றைக்கே ஏணியில் ஏறச் சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, ஒங்க சாமிக்கு ஒரு கலர்ல மனசு நிக்க மாட்டேங்குது, எனக்குத் தோள்பட்டை நிக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை. பிரியாணி சாப்பிட்ட கையோடு சூசைமாணிக்கம்தான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சுண்ணாம்பு அடிக்கிற மட்டையை எடுத்தான்.

"பிள்ளை பொறந்து ஒரு நாளுதான் ஆகுது" என்றான் ஏணியிலிருந்து. "அதுக்குள்ள எதுக்கு ரத்தச் செவப்பு?"

"நாளைக்கு ஸ்தேவானு திருநாளு. மொதல் வேதசாட்சி. கல்லாலயே எறிஞ்சு கொன்னாங்க."

"எதுக்கு?"

கீழே வாளியைக் கலக்கிக்கொண்டு அவள் சொன்னாள். எறிகிறவர்களின் துணிமணிக்குக் காவல் நின்ற வாலிபன் ஒருவன் இருந்தான், அவன்தான் பின்னால் ஊர் ஊராக வேதம் பரப்பின சின்னப்பராக மாறினான் என்று சொன்னபோது சூசைமாணிக்கத்தின் மட்டை பாதியில் நின்றது. "துணிக்குக் காவல் நின்னவனா?" என்று இரண்டு தடவை கேட்டான். வெளியே நின்றுகொண்டிருந்தவன் உள்ளே வந்த கதை அவனுக்கு எங்கேயோ பிடித்துவிட்டது. கிளாரா கல்லூரி லீவில் வந்திருந்தவள், அவள் கலர்ப் பொடி கலந்து கொடுத்தாள். சுண்ணாம்பில் வஜ்ஜிரப் பசை சேர்த்தால் மழைக்கு நிற்கும் என்று கண்டுபிடித்துச் சொன்னவளும் அவள்தான்.

இப்படித்தான் அந்த வீட்டில் வருஷம் நடந்தது. மறுநாள் அருளப்பருக்கு வெள்ளை, அதற்கும் மறுநாள் ராசா வெட்டிக் கொன்ற மாசில்லாக் குழந்தைகளுக்குச் சிவப்பு, மூன்று ராசாக்களுக்கு வெள்ளை, பிறகு பொதுக்காலத்துப் பச்சை, பச்சைக்கு நடுவில் ரத்தம் சிந்தி ஓரியூர் மண்ணைச் சிவப்பாக்கின அருளானந்தருக்கு ஒரு நாள் சிவப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கதை வேண்டும் என்று ஏணியிலிருந்து அவன் கேட்டான், தெரியாத கதையை அவள் சாமியாரிடம் போய்க் கேட்டு வந்து சொன்னாள், தப்பாகச் சொன்னால் லீவுக்கு வரும்போதெல்லாம் கிளாரா திருத்தினாள். குடும்பமாக உட்கார்ந்து செபம் சொல்கிற வீடு என்று அவள் ஊருக்குச் சொன்னது தன் வீட்டில் ஏணியில் ஏறி, மட்டை பிடித்து, மேலெல்லாம் சுண்ணாம்பாக நடந்துகொண்டிருந்தது, அதை அவள் கவனிக்கவில்லை. அவளுக்கு ஒரே குறிதான். என்றைக்காவது ஒருநாள் காலையில், தான் அடிக்காமலே, தன் சுவர் தானாக மாறியிருக்க வேண்டும். மட்டையைக் கழுவி வைக்கும்போதெல்லாம் அதைத்தான் கேட்டுக்கொண்டாள்.

தெருவில் வேறொன்று நடந்தது. மற்றவர்களுக்கு இன்றைய நிறம் தெரியும், நாளைய நிறம் தெரியாது. மறுநாள் யார் திருநாள், பிள்ளைக்குப் பேர் வைக்க நல்ல நாளா, கறி எடுக்கலாமா, புதுச்சேலை எந்தக் கலரில் கட்டினால் வாசலில் எடுப்பாக நிற்கலாம் என்று தெரிய வேண்டுமானால், சாயங்காலம் மதலைமேரி வாளியில் எந்தப் பொடி கரைகிறது என்று வந்து பார்க்க வேண்டும். முதலில் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் நின்று கேட்டார்கள். "மதலையக்கா, நாளைக்கு என்ன நெறம்?" என்பது அந்தத் தெருவில் சாப்பிட்டாச்சா என்பது போல ஆகிவிட்டது. கறிக்கடைக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டார். கல்யாணம் பேசுகிறவர்கள், சடங்கு எதுவும் வைக்காத தவக்காலம் என்றைக்குத் தொடங்குகிறது என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சாமியாரிடம் போனார்கள். நிறத்தைக் கேட்டால் அவள் நிறத்தோடு விடமாட்டாள், கதையையும் சொல்லித்தான் அனுப்புவாள். அடைக்கலம்கூட ஒரு நாள் தள்ளாடாமல் வந்து நின்று முழுக்கக் கேட்டுவிட்டுப் போனான். பழைய சிரிப்பு ஊருக்கு மறந்துவிட்டது. அவளுக்கு மறக்கவில்லை.

தவக்காலத்தின் நாலாம் ஞாயிறும் ரோஸ்தான் என்று முந்தின நாளே தெருவுக்கு அவள்தான் சொன்னாள், சாமியாரின் ரோஸ் உடுப்பை இஸ்திரி போட்டு வைக்கச் சொன்னதும் அவள்தான். குருத்தோலை ஞாயிற்றுச் சிவப்பை அடித்து முடித்துவிட்டு, மறுநாள் பூசைக்குப் போனபோது, சூசைமாணிக்கம் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினான், சாவியைச் சட்டைப்பையில் போட்டான், நேராகக் கோயிலுக்குள் நடந்தான். மரத்தடி ஆட்கள், என்ன மாணிக்கம் என்றார்கள்.

"வெளிச்சுவருக்கு நாந்தான பெயின்ட் அடிக்கிறேன்" என்றான் அவன். "உள்ள என்ன வேலை நடக்குதுன்னு பாத்துட்டு வர்றேன்."

பெரிய வெள்ளியன்று ஊரே சிவப்பு. பெரிய சனிக்கிழமை காலையில்தான் அவள் திகைத்துப் போனாள். அன்றைக்குப் பூசை கிடையாது, பீடத்தில் துணி கிடையாது, நாள்காட்டியில் நிறம் போட்டிருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது, அவளும் அதை அச்சுப் பிழை என்று விட்டுவிட்டாள். விடிந்தபோது பனிமாதாபட்டி வீடுகளில் நிறமே இல்லை. பூச்சு போய், காரை போய், வெறும் செங்கலும் மண்ணுமாகச் சுவர்கள் நின்றன. தெருவில் ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. அவள் வீடு மட்டும் சிவப்பாக நின்றது. ஒன்றும் இல்லாத நிறத்தை எந்தப் பொடியில் கரைப்பது என்று அவள் கையைப் பிசைந்தாள். கிளாரா கொல்லைக்குப் போய்க் கொத்துக்கரண்டியும் மண்வெட்டியும் கொண்டுவந்து போட்டாள். மூன்று பேரும் சுரண்டத் தொடங்கினார்கள். சிவப்பு உதிர்ந்தது, வெள்ளை உதிர்ந்தது, ஊதா உதிர்ந்தது, பச்சை உதிர்ந்தது, அவர்கள் அடித்த நாட்களெல்லாம் ஒவ்வொன்றாகக் காலடியில் வந்து விழுந்தன. மத்தியானம் பிலோமி தன் வாசலில் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை, அவள் சுவர் அதுவாகவே முடித்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து, ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் செங்கல் தெரிந்தது. அதன் மேல் அவர்கள் உயிர்ப்பு ஞாயிற்றின் வெள்ளையை அடித்தார்கள், அத்தனை வெள்ளையாக அந்தச் சுவர் அதற்கு முன் இருந்ததில்லை.

பெந்தகோஸ்துச் சிவப்பு போய், பச்சை வந்து, இராயப்பர் சின்னப்பருக்கும் தோமையாருக்கும் சிவப்பு அடித்து, ஜூலை மாதம் மதலேன் மரியாளின் திருநாள் வந்தது. அவள் பேர் கொண்ட புனிதை. நிறம் வெள்ளை. முந்தின நாள் சாயங்காலம் அவள் வாளியை எடுக்கவில்லை.

"இன்னைக்கு வேணாம்" என்றாள் புருஷனிடம். "நாளைக்கு அவுங்க நாளு. அவுங்க பேரைத்தான் இத்தனை வருசமா சொமக்குறேன். மனசிருந்தா அவுங்களே அடிக்கட்டும்."

காலையில் ஊர் முழுக்க அவள் பேருக்காக வெளுத்திருந்தது. மேலத்தெரு, கீழத்தெரு, அடைக்கலம் வீடு, கருப்பையா வீட்டு மிஷின் சுவர், பிலோமி வீடு எல்லை வரைக்கும். அவள் வீடு பச்சையாகவே நின்றது. பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்தவள், நாமத் திருநாளுக்கு வாழ்த்துச் சொல்ல வந்த ஒருவருக்கும் கதவைத் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் கதை சொன்ன தனக்கு, ஊரிலேயே அதிகமாக உழைத்த தனக்கு, ஒரு நாள் கிடையாதா என்று அவள் வாய்விட்டே அழுதாள். சந்தையிலிருந்து திரும்பிய சூசைமாணிக்கம் சுவரைப் பார்த்தான், படுத்திருந்தவளைப் பார்த்தான், கொல்லைக்குப் போய்ச் சுண்ணாம்பைக் கரைத்தான்.

"விடுங்க" என்றாள் அவள், படுத்தபடியே. "அந்த நெறத்துக்கே நம்ம வீடு வேணாம். நாம மட்டும் எதுக்கு அடிச்சுக்கிட்டுச் சாகணும்?"

"அதுக்கு வேணாட்டிப் போகுது, எனக்கு வேணும்" என்றான். அவன் இப்படி நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. "ஸ்தேவானு யாருன்னு முன்னாடி எனக்குத் தெரியாது மதலை. அருளானந்தரு பேரு தெரியும், செத்த கதை தெரியாது. இந்தச் செவுரு அன்னைக்கே தானா மாறியிருந்தா, நானு இன்னமும் மரத்தடியிலதான் நின்னுக்கிட்டு இருந்துருப்பேன். பக்கத்து வூட்டு எங்கண்ணன் இன்னமும் அங்கனதான நிக்கிறாரு. போயிப் பாரு." வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனவன் திரும்பி நின்றான். "ஆண்டவரு கல்லறைக்கு அந்த மதலேனம்மா எப்ப போச்சுன்னு சொன்ன? இருட்டோடவா? வா, வந்து சொல்லு. சொன்னாத்தான் எனக்குக் கை ஓடும்."

அவள் எழுந்து, முகத்தைக் கழுவி, வெளியே வந்து, ஏணியைப் பிடித்துக்கொண்டு, சொல்லத் தொடங்கினாள். அன்றைக்கு ஊரில் கடைசியாக வெளுத்த சுவர் அவளுடையதுதான். அதைப் பார்த்து அவளுக்கு முதல் தடவையாக வெட்கம் வரவில்லை, கர்வம் வந்தது, அதுவும் சாதாரணக் கர்வம் இல்லை, நெஞ்சு கொள்ளாத கர்வம். அதற்குப் பிறகு மட்டையைக் கழுவும்போது அவள் எதையும் கேட்கவில்லை.

பனிமாதா திருநாளுக்கு வெள்ளை, சிலுவைத் திருநாளுக்குச் சிவப்பு, கல்லறைத் திருநாளுக்கு ஊதா, கிறிஸ்து அரசருக்கு வெள்ளை என்று வருஷம் முடிந்து, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு மறுபடி வந்தது. சனிக்கிழமை மூன்று பேரும் ஊதா அடித்துக் கால்கை கழுவிப் படுத்தார்கள். காலையில் தெருவில் என்னவோ சத்தம். மதலைமேரி கதவைத் திறந்தாள்.

ஊதா வரவில்லை. வெள்ளையும் இல்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் எது எப்படி இருந்ததோ அது அப்படியே திரும்பி வந்திருந்தது. மஞ்சளும் நீலமும் பச்சையும், பாசி பிடித்த மூலைகளும், கட்சிச் சின்னங்களும், பாதி அழிந்த குடும்பக் கட்டுப்பாட்டு முக்கோணமும். கருப்பையா வீட்டு மிஷின் சுவரில் பழைய காலண்டர் ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. ஜனம் அவரவர் சுவரைத் தொட்டுப் பார்த்தது, எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தது. நாம் என்ன பாவம் செய்தோம் என்று ஒருவர் கேட்டார். இன்றைக்கு முதல் ஞாயிறுதானா, இல்லை நாள் தப்பிவிட்டதா என்று இன்னொருவர் கேட்டார். எப்படித் தெரிந்துகொள்வது? சுவரைப் பார்த்தே பழகிவிட்ட ஊர் அது.

அப்போதுதான் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். தெரு நடுவில், அத்தனை பழைய நிறங்களுக்கும் நடுவில், ஒரே ஒரு வீடு ஊதாவாக நின்றது. அச்சு அசலான ஊதா. பூசைக்குப் புறப்பட்டு உடுப்புப் பையோடு வந்த சாமியார் அதைப் பார்த்து நின்றார், பிறகு அதன் முன்னால் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். மதலைமேரி தன் வாசலில் நின்றாள். சொன்னால் என்ன, முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வருஷம் முழுக்க இந்தத் தெரு தன்னைப் பார்த்த பார்வையெல்லாம் இப்போது தன் கதவுக்கு வந்து காத்து நிற்கிறது என்று தெரிந்து, தலைநிமிர்ந்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று நன்றாகவே நின்றாள். அவள் பக்கத்தில் சூசைமாணிக்கமும் கிளாராவும் வந்து நின்றார்கள், மூன்று பேருடைய நகக்கண்ணிலும் ஊதா இருந்தது.

பிலோமி தன் சுவரில் கை வைத்தபடி நின்றிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"மதலை" என்றாள். குரலில் பழைய குத்தல் இல்லை. "இனிமே தானா மாறவே மாறாதாடி?"

"என் வீடு என்னைக்குக்கா தானா மாறுச்சு?" என்றாள் மதலைமேரி.

அவள் உள்ளே போய், மிச்சமிருந்த ஊதாவை வாளியோடு தூக்கிக்கொண்டு வந்து, பிலோமியின் வாசலில் வைத்தாள். மட்டையை நனைத்து அவள் கையில் கொடுத்தாள். மேலேயிருந்து கீழே இழுக்கணும், அப்பதான் திட்டுத் திட்டா நிக்காது என்று சொல்லிக் கொடுத்தாள்.

"ஒங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கக்கா" என்றாள். "அவுக ஏணியில ஏறட்டும். இன்னைக்கு வாசகம் என்னன்னு நீங்க கீழ நின்னு சொல்லுங்க. தெரியாட்டி வந்து கேளுங்க, சொல்றேன்."